மின்தூக்கி நின்னுபோனா யாரைக் கூப்பிடுவீங்க? – சொத்து நிர்வாகி வேலையைப் பற்றி ஒரு பாடம்

நீங்க பன்னிரண்டாவது மாடியில் இருக்கீங்க. மின்தூக்கி நின்னுபோச்சு. பாட்டிக்கு நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட். யாருக்குப் போன் போடுவீங்க?

இந்தக் கேள்வியை இளையோர் வகுப்பில் கேட்டுப் பாருங்க. காவலாளிக்கு என்று ஒருத்தர் சொல்வார், மின்தூக்கி கம்பெனிக்கு என்று இன்னொருத்தர் சொல்வார். "போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவோம்" என்று ஒரு தம்பியாவது கண்டிப்பா சொல்வான். சரியான பதில் பெரும்பாலும் வராது. அந்தக் கட்டடத்துக்கு ஒரு சொத்து நிர்வாகி இருக்கிறார். மலாயில் பெங்குருஸ் ஹர்தா, பேச்சு வழக்கில் பில்டிங் மேனேஜர். மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, குப்பை அறை, காவலாளி, கணக்குப் புத்தகம் எல்லாம் அவருடைய பொறுப்பு. டாக்டர், வக்கீல், எஞ்சினியர் என்று நம்ம வீடுகளில் ஓதும் தொழில் பட்டியலில் இந்த வேலைக்கு இடம் கிடையாது. ஆனா நம்மில் பாதிப் பேர் தினமும் ஏறி இறங்குவது இவர் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில்தான்.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிற மாணவன். போன வருஷம் 10 வாரத் தொழிற்பயிற்சியை ஒரு அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் செய்தேன். தொழிற்சாலைக்குப் போன நண்பர்கள் கிண்டல் பண்ணினாங்க. எனக்கு அங்கே கிடைத்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய பழக்கம்

நம்ம தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். கூரை ஒழுகினா ஆபீசில் கிராணியிடம் சொல்லணும், துரை மனசு வச்சா தகரம் வரும். வீடு நம்முடையது இல்லை, அதனால் பழுதும் நம்முடையது இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கும் கீழ்மாடியில் இருக்கும் அறையை "ஆபீஸ்" என்றுதான் சொல்கிறோம். "ஆபீஸ் ஒண்ணும் செய்யறதில்லை" என்று குறையும் சொல்கிறோம்.

வாங்கிய அடுக்குமாடியில் அந்த ஆபீசுக்கு முதலாளி யார் தெரியுமா? உங்க அப்பா. பக்கத்து வீட்டு அங்கிள். மூணாவது மாடி ஆண்டி. வீடு வாங்கிய எல்லாரும் சேர்ந்ததுதான் அந்த நிர்வாகம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1985-இல் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டம் வந்தது. 2007-இல் வந்த ஒரு சட்டம், பட்டா கைக்கு வருவதற்கு முன்பே வீடு வாங்கியவர்கள் கூட்டு நிர்வாகக் குழு அமைக்க வழி செய்தது. அதைத்தான் ஜே.எம்.பி. என்கிறோம். இப்போது நடப்பில் இருப்பது 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757. 2015 ஜூனில் அமலுக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் இது பொருந்தும். சபா, சரவாக்கில் வேறு சட்டங்கள். பட்டா வந்த பிறகு ஜே.எம்.பி.யின் இடத்தில் எம்.சி. என்கிற நிர்வாகக் கழகம் வரும். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒரு செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பாங்க, அந்தச் செயற்குழு ஒரு சொத்து நிர்வாகியை வேலைக்கு அமர்த்தும். ஆக, அவர் நமக்கு துரை இல்லை. நாம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர்.

வாடகைக்கு இருக்கும் மக்கள் வீடமைப்புத் திட்டங்கள் வேறு. அங்கே சொந்தக்காரர் அரசாங்கமோ நகராண்மையோ. அங்கே புகார் போக வேண்டிய கதவும் வேறு.

ஒரு நாள் எப்படி ஓடும்?

காலை எட்டரைக்கு பம்ப் அறை. நகரத்துக் குழாய்த் தண்ணீர் நேரா பன்னிரண்டாவது மாடிக்கு ஏறாது. முதலில் கீழ்த்தொட்டியில் விழும், அங்கிருந்து பம்ப் அதை மொட்டைமாடித் தொட்டிக்குத் தள்ளும், பிறகு புவியீர்ப்பில் வீடுகளுக்கு இறங்கும். பம்ப் எப்போதும் இரண்டு இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வில். டெக்னீஷியன் மீட்டரைப் படித்துப் புத்தகத்தில் எழுதுவார். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் கழித்துப் பார்த்து, தண்ணீர் வழக்கத்தை விட அதிகமா போயிருந்தா எங்கேயோ குழாய் உடைந்திருக்கு. இது எஞ்சினியரிங்தான், கண்ணாடிக் கட்டட ஆபீஸ் இல்லாத எஞ்சினியரிங்.

அதுக்குப் பிறகு புகார்கள். வாகன நிறுத்துமிடத் தகராறு, மேல்வீட்டுச் சத்தம், குப்பை நாற்றம். மத்தியானம் மின்தூக்கி குத்தகையாளர் வருவார், சாயம் பூசும் கம்பெனி விலைப்பட்டியல் அனுப்பும், கணக்கர் கட்டணம் கட்டாதவர் பட்டியலோடு வந்து நிற்பார். இரவு எட்டரைக்குச் செயற்குழுக் கூட்டம். உறுப்பினர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் கூட்டம் எப்போதும் இரவில்தான். ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. ஐந்து மணிக்குக் கிளம்புகிற வேலை வேணும் என்றால் இது சரிப்படாது.

ஒழுகும் கூரையும் ஒரு சட்டமும்

பயிற்சியில் எனக்குப் பிடித்தது கசிவு விவகாரம்தான். அடுக்குமாடியில் அதிகமா சண்டை வருவது இதில். கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் தண்ணீர் சொட்டும். கீழே இருப்பவர் மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார். மேலே இருப்பவர் "என் வீடு காய்ஞ்சுதான் இருக்கு, வந்து பாருங்க" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. தண்ணீர் ஓட்டுக்கு அடியில் போகிறது, யார் கண்ணுக்கும் தெரியாது.

சட்டம் இங்கே ஒரு தெளிவான இடத்திலிருந்து தொடங்குகிறது. கூரையில் ஈரமோ கசிவோ வந்தால், வேறு மாதிரி நிரூபிக்கப்படும் வரை, குறை மேல்வீட்டில் இருக்கு என்றே எடுத்துக்கொள்ளணும். சட்டம் 757-இன் 142-ஆவது பிரிவு இது. கீழே இருப்பவர் ஓடி ஓடி ஆதாரம் தேட வேண்டியதில்லை. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்தா, 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்கணும். பார்த்து முடித்து 5 நாளுக்குள் காரணத்தை எழுதி ஒரு சான்றிதழ் தரணும். வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பினால் இந்த நாள் கணக்கு ஓடாது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வச்சுக்கணும்.

இனி காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்க மேற்பார்வையாளர் அண்ணன் முதலில் கருவி எதையும் எடுக்க மாட்டார். கீழ்வீட்டு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எப்போ சொட்டுது?"

இரவு பகல் பாராமல் ஒரே அளவில் சொட்டினால், அழுத்தத்தில் இருக்கும் குழாய், அதாவது தண்ணீர் வரும் குழாய், கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அந்தக் குழாயில் தண்ணீர் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். மேல்வீட்டு வால்வை மூடி, மீட்டர் நிற்கிறதா, சொட்டு குறைகிறதா என்று பார்த்தால் போதும். காலையிலும் மாலையிலும் மட்டும் சொட்டினால் அது கழிவுநீர்க் குழாயாகவோ தரையாகவோ இருக்கும். மேலே யாரோ குளிக்கும்போதுதான் அங்கே தண்ணீர் வரும். இரண்டில் எது? தரை வடிகாலை அடைத்து, குளியலறைத் தரையில் சில சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விட்டுப் பார்ப்பாங்க. கீழே ஈரம் கூடினால் ஓட்டுக்கு அடியில் இருக்கும் நீர்காப்புப் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீரில் சாயம் கலந்து விட்டால் இன்னும் தெளிவு: கீழே சொட்டுவது அதே நிறத்தில் வந்தால் வாதாட ஒன்றும் இல்லை. மழை பெய்தால் மட்டும் கசிகிறதா? அப்போ வெளிச்சுவரைப் பார்க்கணும். அது பொதுச்சொத்து, செலவு எல்லாருடையது.

இதில் எந்தப் படியும் கஷ்டமில்லை. ஆனா யாரும் செய்யாமல் விட்டால் இரண்டு குடும்பம் பத்து வருஷம் முகம் பார்க்காது. நிர்வாகி வரும்போது கையில் சாயப் புட்டி இருக்கணும், வாயில் பொறுமை இருக்கணும். அப்படியும் தீராவிட்டால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், பொதுவா வக்கீல் வைக்கத் தேவையில்லை.

பணம் எங்கே போகிறது?

"மாசா மாசம் கட்டறோம், எல்லாத்தையும் தின்னுடறாங்க." இதை நான் பத்து வாரத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. தின்பவர்களும் உண்டு, மறுக்க மாட்டேன். அதனால்தான் கணக்கைப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்.

நாம் கட்டுவது இரண்டு பகுதி. ஒன்று பராமரிப்புக் கட்டணம்: மின்சார பில், காவல், துப்புரவு, மின்தூக்கிச் சேவை போன்ற அன்றாடச் செலவு. இன்னொன்று சேமநிதி, எல்லாரும் சிங்கிங் ஃபண்ட் என்பது இதைத்தான். ஜே.எம்.பி. காலத்தில் இது கட்டணத்தில் 10 விழுக்காடு. சாயம் பூச, மின்தூக்கியை மாற்ற, பம்ப் புதுசு வாங்க என்று பெரிய செலவுகளுக்காக ஒதுக்கி வைக்கும் பணம். இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு இருக்கணும், ஆண்டுதோறும் தணிக்கை நடக்கணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வைத்தவை. 300 வீடு, வீட்டுக்குச் சராசரி மாதம் 60 வெள்ளி. எல்லாரும் கட்டினால் மாதம் 18,000 வெள்ளி. சேமநிதி 10 விழுக்காடு, அதாவது 1,800. ஆண்டுக்கு 21,600 வெள்ளி. ஒரு மின்தூக்கியை முழுசா மாற்ற 120,000 வெள்ளி கேட்கிறாங்க என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை வருஷம் சேர்த்தால் வாங்கிவிடலாம். இப்போ 100-க்கு 60 வீடுதான் கட்டுகிறது என்றால்? ஆண்டுக்கு 12,960 வெள்ளிதான் சேரும். ஐந்தரை வருஷம் ஒன்பது வருஷத்துக்கு மேலே போயிடுது. அந்த இடைவெளியில் மின்தூக்கி காத்திருக்குமா? அன்றாடக் கணக்கிலும் 10,800 வெள்ளிதான் வருது, ஆனா காவலாளி சம்பளமும் மின்சார பில்லும் 18,000-க்குத் திட்டமிட்டவை. முதலில் வெட்டப்படுவது எது? யாருக்கும் உடனே தெரியாத செலவு. மின்தூக்கிச் சேவை, தொட்டி கழுவுவது. ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும், பாட்டி படியேறும்போது.

கட்டாதவர்களை நிர்வாகம் என்ன செய்ய முடியும்? முதலில் எழுத்தில் கோரிக்கை நோட்டீஸ், குறைந்தது 14 நாள் அவகாசம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி. பாக்கிக்காரர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நியாயமான காரணம் இல்லாமல் கட்டாமலே இருந்தால் அது குற்றம்: 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். ஆனா நல்ல நிர்வாகி சட்டப் புத்தகத்தை முதல் நாளே தூக்கிக் காட்ட மாட்டார். கணவரை இழந்த ஒரு அம்மா மாதம் 20 வெள்ளியாகக் கட்ட ஒப்புக்கொள்ள, அதை ஒரு தாளில் எழுதி, ரசீது போட்டுக் கொடுத்ததை நான் பார்த்தேன். இரண்டு காடி வைத்துக்கொண்டு மூன்று வருஷமா கட்டாதவரிடம் அதே அண்ணன் பேசிய விதம் வேறு.

வாசலுக்கு வெளியே யாருடைய இடம்?

தீபாவளிக்கு நம்ம வாசலில் கோலம் போடுகிறோம். அந்தத் தரை யாருடையது? கதவுக்கு வெளியே இருக்கும் நடைபாதை பொதுச்சொத்து. கோலத்தை யாரும் தடுப்பதை நான் பார்த்ததில்லை. சீனத் தோழியின் வீட்டுப் பிள்ளைகள் வந்து பொடி தூவிவிட்டும் போவாங்க. பிரச்சினை செருப்பு அலமாரி, பழைய மெத்தை, சைக்கிள், பூந்தொட்டி. தீ பிடித்தால் புகை நிறைந்த நடைபாதையில் கண் தெரியாமல் ஓடுகிற மனிதர் முதலில் இடிப்பது அந்த அலமாரியில்தான். "நம்ம வாசல்தானே" என்பதற்கு நிர்வாகி "இல்லைங்க ஆண்டி" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை மலாய், தமிழ், மாண்டரின், சில நேரம் நேப்பாளி என்று நாலு மொழியில் சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் மதிப்பு அதிகம். தமிழ்ப்பள்ளியில் படித்து மூணு மொழி பேசும் நம்ம பிள்ளைகளுக்கு இது இயல்பா வருகிற திறமை.

இதைவிடக் கனமான ஒன்றும் இருக்கு. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் மக்கள் வீடமைப்பில், மேல்மாடியிலிருந்து வந்து விழுந்த ஒரு நாற்காலி, கீழே நடந்து வந்த 15 வயதுப் பையனின் உயிரை எடுத்தது. நம்ம பையன். எறிபவரைத் திட்டுவது சுலபம், திட்டத்தான் வேணும். நிர்வாகி அதோடு நிற்க முடியாது. நடக்கும் பாதைக்கு மேலே கூரை இருக்கா, மேல்நோக்கிப் பார்க்கும் கேமரா இருக்கா, முக்கியமா, உடைஞ்ச சோபாவையும் நாற்காலியையும் எந்த நாளில் எங்கே கொண்டுவந்து வைக்கலாம் என்று மக்களுக்குத் தெரியுமா? பெரிய சாமான்களைத் தூக்கிப்போட வழியே இல்லாத கட்டடத்தில் அவை மாடிப்படியிலும் நடைபாதையிலும்தான் தேங்கும்.

1993 டிசம்பர் 11-ஐயும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறப்பதில்லை. ஊலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடங்களில் ஒன்று பல நாள் மழைக்குப் பிறகு நிலச்சரிவில் சாய்ந்து 48 பேர் இறந்தாங்க. பின்னாடி இருந்த சரிவின் வடிகாலும் தடுப்புச் சுவர்களும் தாங்கவில்லை. இன்று ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சட்டம் இருக்கு. அந்தப் பத்து வருஷத்துக்கு இடையில் சாக்கடையை யார் பார்க்கிறாங்க, சுவர் விரிசலை யார் பென்சிலால் குறித்துத் தேதி போடுறாங்க? நிர்வாகியின் ஆள்தான்.

எப்படி இந்தத் துறைக்குள் போவது?

சட்டம் 242 என்று ஒன்று உண்டு. மதிப்பீட்டாளர், சொத்து முகவர்களைக் கட்டுப்படுத்தும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். 2018 முதல் அதன் பெயரிலேயே சொத்து நிர்வாகியும் சேர்ந்துவிட்டார். பதிவு செய்யும் வாரியத்தின் சுருக்கப் பெயர் எல்.பி.இ.பி.எச். மலாயாப் பல்கலைக்கழகம், யூ.டி.எம்., யூ.ஐ.டி.எம்., யூ.டி.எச்.எம். ஆகியவற்றில் சொத்து மேலாண்மை சார்ந்த படிப்புகள் இருக்கு. பட்டம் முடித்து, பயிற்சி நிலையில் பதிந்து, அனுபவம் சேர்த்து, வாரியத்தின் தகுதித் தேர்வில் தேறினால் பதிவு பெற்ற சொத்து நிர்வாகி. சொத்து முகவரோடு குழப்பிக்காதீங்க. முகவர் விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குவார். நிர்வாகி விற்ற பிறகு வருகிறவர்.

எஞ்சினியரிங் படித்தவங்களுக்கு வேறொரு வாசல்: பேரங்காடி, ஆஸ்பத்திரி, அலுவலகக் கோபுரங்களில் வசதிப் பராமரிப்புப் பொறியாளர். குளிர்சாதனம், ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப் எல்லாம் அங்கே பெரிய அளவில் இருக்கும்.

எஸ்.பி.எம்.-இல் நல்ல மதிப்பெண் வராத தம்பி தங்கைகளுக்கும் இடம் இருக்கு. மின்சார ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற சார்ஜ்மேன் இல்லாமல் பெரிய கட்டடங்களின் மின் அறையை நடத்த முடியாது. வயரிங் படித்துப் படிப்படியா அந்தச் சான்றிதழை எடுக்கலாம். எங்க அலுவலகத்து சார்ஜ்மேன் அண்ணன் உள்ளே வந்தா மேனேஜரே நாற்காலியை நகர்த்திப் போடுவார்.

சம்பளம் கட்டடத்தைப் பொறுத்தது. ஆடம்பரக் கொண்டோவில் ஒரு அளவு, மலிவுவிலை அடுக்குமாடியில் வேறு அளவு, ஏன்னா சம்பளமும் அதே பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் வரணும். நிர்வாகி அதிகமா தேவைப்படும் கட்டடத்தில்தான் அவருக்குக் கொடுக்கப் பணம் குறைவு. இந்த முடிச்சை யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது

அடுத்த வகுப்புக்கு வரும்போது மூணு விஷயத்தைப் பார்த்துக்கிட்டு வாங்க. உங்க கட்டடத்து மின்தூக்கிக்குள் ஒட்டியிருக்கும் சான்றிதழில் காலாவதித் தேதி என்ன? வீட்டில் கடைசியா வந்த பராமரிப்பு பில்லில் சேமநிதி தனி வரியா இருக்கா? கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வீட்டிலிருந்து யார் போனாங்க?

மூணாவதுக்கு "யாரும் போகல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். போக நேரமில்லாத அப்பா அம்மா எழுத்தில் பிரதிநிதி நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதி வீட்டுச் சொந்தக்காரரா இருக்க வேண்டியதில்லை, நீங்களே போகலாம். ஆனா பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு ஓட்டு கிடையாது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னாடி கணக்கைப் பார்ப்பாங்க, அதனால் பில்லை முதலில் கட்டிவிட்டு, பிரதிநிதிப் பாரத்தை நோட்டீசில் சொன்ன நேரத்துக்குள் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கோங்க.